நகல் இணைத்திருக்கிறேன்

9 செப்டம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் உருப்படியாக வந்து சேர்ந்துவிட்டாள். பெட்டியும் வந்து சேர்ந்தது, ஒரு சக்கரம் மட்டும் வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ரெக்கார்டு ரூமில் மேல் தட்டுக் கோப்புகளை எடுக்க நீ ஸ்டூல் மேல் ஏறாதே. வேறு யாரையாவது ஏறச் சொல், கீழே நின்று அதிகாரம் செய்.

என் அறை மூன்றாவது மாடியில், கூரைக்கு நேர் அடியில். கூரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால் தினமும் காலையில் எழும்போது ஒரு முறை தலையில் இடித்துக்கொள்கிறேன். இடித்த பிறகுதான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வருகிறது. ஜன்னலுக்குக் கீழே ஒரு ரொட்டிக் கடை, அடுத்தது செருப்புத் தைக்கும் கடை, தெருமுனையில் நான்கு துணி துவைக்கும் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு சலவைக்கடை.

இந்த வீட்டில் ஐந்து மாணவிகள், ஐந்து நாடு. வீட்டைக் கவனித்துக்கொள்கிற அம்மாளின் இடுப்பில் இருபது சாவி தொங்குகிறது. அவள் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். சாவிக்கொத்தம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன், மனசுக்குள்தான்.

தினமும் நான்கு மணி நேரம் ஸ்பானிஷ் வகுப்பு. வகுப்பு முடிந்தாலும் ஸ்பானிஷ்தான். எனக்குத் தெரிந்தது "இது நாற்காலி", "அது ஜன்னல்". இதை வைத்துக்கொண்டு யாரோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? வாயாடி என்று பட்டம் வாங்கியவள் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்திருந்தால் போட்டோ எடுத்து மாட்டியிருப்பாய்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவசரமாக நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயே, அந்த ஸ்பானிஷ் படிவம், அதைக் கல்லூரி முதல்வர் முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து கொஞ்சம் உரக்கப் படித்தும் காட்டினார். எனக்குப் பாதி புரிந்தது. அதை விடு.

நான் அழவில்லை என்று மாமாவிடம் சொல். மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் மகள்

•

24 செப்டம்பர்

பொருள்: நலம் விசாரித்தல், மற்றும் சில.
பார்வை: உன் கடிதம், நாள் 9 செப்டம்பர்.

அன்பு மகளே,

பார்வையில் காணும் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சிரிக்காதே. முப்பது வருஷமாக ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த முறை இது ஒன்றுதான். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். உன் தலை வீங்கியிருக்கிறதா? கட்டிலை ஒரு முழம் இழுத்துப் போட்டுக்கொள். இதைக்கூட நான் இங்கிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்கென்று ஒரு கோப்பு திறந்துவிட்டேன். நீல அட்டை, புது டேக். முதல் பக்கத்தில் அந்தப் படிவத்தின் ஜெராக்ஸ். நான் கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதமும் நகல் எடுக்காமல் என் கையை விட்டுப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டாம் பக்கம் உன் கடிதம். சின்னப் பெண் எழுதுகிற மாதிரி ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறாய். காகிதத்துக்கு இரண்டு பக்கம் உண்டு.

உன் மாமா வந்திருந்தான். அப்பா போன பிறகு இந்த வீட்டில் யோசனை சொல்வது தன் பொறுப்பு என்று அவனாகவே எடுத்துக்கொண்டவன், தெரியுமே. "ஊர்ல இல்லாத காலேஜா? ஸ்பானிஷ் படிச்சு யாருகூடப் பேசப் போறா?" என்றான். "உங்கூடப் பேச வேண்டியதில்ல பாரு, அதுவே பெரிய விஷயம்" என்றேன். காபியைக் குடிக்காமல் எழுந்தான், பிறகு குடித்துவிட்டுப் போனான். ஆறு மாதத்தில் நீ பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாயாம். நின்றால் என் சாய்வு நாற்காலியை அவனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். புரிகிறதா?

அதே சமயம், பத்து மாதம் என்றால் பத்து மாதம்தான். ஜூன் முப்பதுக்குப் பிறகு ஒரு நாள் கேட்டாலும் நானே வந்து காதைப் பிடித்து இழுத்து வருவேன்.

நன்றாகச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் அம்மா

•

20 அக்டோபர்

அம்மா,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டிலை நகர்த்திவிட்டேன், தலை பிழைத்தது.

ஸ்பானிஷ் வர ஆரம்பித்திருக்கிறது. செருப்புத் தைப்பவரிடம் போய் பெட்டிக்குச் சக்கரம் போட முடியுமா என்று முழுசாகக் கேட்டேன். அவர் முடியாது என்று முழுசாகச் சொன்னார். அந்த 'முடியாது' எனக்குப் புரிந்ததில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நன்றி சொல்லிவிட்டுக் குதித்துக்கொண்டு வந்தேன். மனிதர் பயந்திருப்பார்.

சமையலறையில் எண்ணெய் தெறித்து வலது கையில் கொஞ்சம் சுட்டுக்கொண்டேன். ஒன்றுமில்லை, ஆறிக்கொண்டு வருகிறது. கத்திவிட்டேன். கத்தியதுதான் வம்பாகிவிட்டது. அதை விடு.

ஒரு விஷயம். இனிமேல் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. பின்பக்கம் சலவைக்கடை முகவரி எழுதியிருக்கிறேன், அங்கே அனுப்பு. கடைக்காரர் சரி என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்காதே.

துணி துவைத்து முடிந்துவிட்டது, கிளம்புகிறேன். உடம்பு ஜாக்கிரதை.

உன் மகள்

•

5 நவம்பர்

பொருள்: சலவைக்கடை.
பார்வை: உன் கடிதம் என்று சொல்லப்படும் துண்டுக் காகிதம், நாள் 20 அக்டோபர்.

மகளே,

முதலில் கை. வலது கை என்றால் எழுதும் கை. கொஞ்சம் என்றால் எவ்வளவு? கொப்புளமா, தோல் உரிந்ததா? கொப்புளத்தை நோண்டாதே. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது இரண்டாவது. முப்பது வருஷத்தில் ஒவ்வொரு மாதிரி ஆளும் ஒவ்வொரு மாதிரிக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "ஏன்னு கேக்காதீங்க மேடம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்ட ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ இருந்திருக்கிறது. சலவைக்கடைக்காரர் சரி என்று சொன்னாராமே, அந்த மகானுக்கு என்ன வயது? கல்யாணம் ஆனவரா? உன் கடிதத்தைப் பிரித்தபோது காகிதத்தில் சோப்பு வாசனை. அங்கேயே உட்கார்ந்து எழுதுகிற அளவுக்கு என்ன பழக்கம்?

உன் வயதில் நான் ஒன்றும் பார்க்காதவள் இல்லை. யாராவது இருந்தால் நேராகச் சொல், கேட்டுக்கொள்கிறேன், திட்டுவேன், பிறகு பார்க்கலாம். மறைக்க மட்டும் மறைக்காதே.

என் மகளுக்கு நான் எழுதும் கடிதம் அவள் தங்கியிருக்கிற வீட்டின் வாசல் வழியாகத்தான் போகும். சந்து வழியாகப் போகாது. ஆகவே இதை வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். உன் பெயரை எல்லாரும் பார்க்கிற மாதிரித் தமிழிலும் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

கைக்கு மருந்து போடு. இரண்டு பக்கம் பதில் எழுது.

உன் அம்மா

•

28 நவம்பர்

அம்மா,

நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வீட்டுக்கு வந்தது. என் கைக்கு வரவில்லை. உறையின் மேல் உன் கையெழுத்தை மட்டும் பார்த்தேன், பிறகு அது சாவிக்கொத்தம்மாவின் மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. என்ன எழுதியிருந்தாய் என்று தெரியாது. முழங்காலைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தாயா?

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. கை ஆறிவிட்டது.

மகள்

•

14 டிசம்பர்

பொருள்: நான் கையெழுத்துப் போட்ட படிவம்.
பார்வை: கோப்பு, பக்கம் ஒன்று.

என் கண்ணே,

இதைச் சலவைக்கடைக்கே அனுப்புகிறேன். நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பைப் பற்றிக் கேட்கக்கூட எனக்கு இப்போது வாய் வரவில்லை.

உன் கடைசிக் கடிதம் எட்டே வரி. எண்ணிப் பார்த்தேன். அதைக் கோப்பில் சேர்க்கப் போனபோது முதல் பக்கம் கண்ணில் பட்டது. என் மகள் அங்கே என்ன கஷ்டத்தில் இருக்கிறாள் என்று தெரியாமல் நான் தவிக்கிறேன், அவளைப் பற்றிய காகிதம் ஒன்று என் கோப்பில் மூன்று மாதத்துக்கு மேலாகப் படிக்காமல் கிடக்கிறது. நீ அன்றைக்கு "சம்மதக் கடிதம்தாம்மா, எல்லா காலேஜ்லயும் கேக்கறதுதான்" என்றாய். நானும் பேனாவை எடுத்தேன்.

மூன்று தெரு தள்ளி மின்விசிறி பழுது பார்க்கிறாரே, கப்பல்காரர், அவரிடம் எடுத்துப் போனேன். இருபது வருஷம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், அதில் பாதி ஸ்பானிஷ் பேசும் துறைமுகங்களில். மேஜை முழுக்க விசிறி இறக்கைகளும் செம்புக் கம்பியும். ஒரு ஓரத்தை ஒதுக்கிக் காகிதத்தை விரித்தார், லென்ஸை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல கையெழுத்து யாருது?"

"என்னுதுதான்."

"படிச்சுட்டா போட்டீங்க?"

நான் முப்பது வருஷமாக மற்றவர்களைக் கேட்கிற கேள்வி இது. என்னை யாரும் கேட்டதில்லை. 

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பத்து மாதமும் மாணவி ஸ்பானிஷ் தவிர வேறு மொழியில் பேசவோ படிக்கவோ எழுதவோ கூடாது. மீறினால் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் திருப்பி அனுப்பப்படுவாள். பெற்றோரும் வேறு மொழியில் கடிதம் அனுப்பாமல் ஒத்துழைப்பார்கள். கீழே என் கையெழுத்து. பாவி, எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். கையைச் சுட்டுக்கொண்டு நீ என்னவென்று கத்தியிருப்பாய்? எனக்குத் தெரியாதா? அது ஒன்று. அதற்கப்புறம் வாசல் வழியாகத்தான் வருவேன் என்று வீராப்பாக நான் அனுப்பிய கடிதம். அது இரண்டா? அப்படியென்றால் இரண்டாவது குறியை வைத்தது நான். எண்ணிக்கையை எனக்குச் சொல், மறைக்காதே.

கப்பல்காரர் நல்ல மனிதர். "நான் சொல்லித் தர்றேன், நீங்க ஸ்பானிஷ்லயே எழுதிடுங்களேன், பிரச்சினை முடிஞ்சுது" என்றார். "எழுதியே ஆகணும்னா எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மகளுக்குக் கடிதம் எழுத நான் யாரிடம் அனுமதி கேட்பது?

உன் மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உடனே கூப்பிட்டுக்கொள் என்கிறான். கூப்பிடுவேன், நீ வருகிறேன் என்று சொன்னால். இருக்கிறாயா, வருகிறாயா? மழுப்பாமல் ஒரு பதில் எழுது. அதற்குப் பிறகு நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா

•

2 ஜனவரி

என் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கடையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். நான் சுகம்தான். உன் முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் வலிக்கிறது என்று தெரிகிறது.

எண்ணிக்கை இரண்டு. உன் செப்டம்பர் கடிதம் தப்பித்தது, தபால்காரரிடம் வாசலிலேயே வாங்கி ஒளித்துவிட்டேன். முதல் குறி நீ சொன்னதேதான். வாணலியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தினேன். சாவிக்கொத்தம்மா ஓடிவந்து கையில் தண்ணீர் ஊற்றினாள், துடைத்துவிட்டாள், மருந்து தடவினாள், பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள். கெட்டவள் இல்லை. விதி என்றால் அவளுக்கு விதி, அவ்வளவுதான். உன்னை மாதிரி.

முதல் நாள் முதல்வர் படித்துக் காட்டியபோதே, அந்தப் பாதியிலேயே, எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உனக்குச் சொல்லவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டோம் என்று தெரிந்தால் நீ உன்னையே மன்னிக்க மாட்டாய். மாமாவுக்கு வேறு கொண்டாட்டமாகிவிடும். அதனால் சலவைக்கடை. எங்கள் வீட்டில் வேறு யாரும் அங்கே வருவதில்லை. இயந்திரம் ஒரு முறை துவைத்து முடிக்க நாற்பது நிமிஷம், அதற்குள் எழுதி ஒட்டிவிடுவேன். உனக்கு எழுத வேண்டும் என்பதற்காகவே சுத்தமான துணியைத் திரும்பத் துவைத்திருக்கிறேன். என் நீலச் சட்டை வெளுத்து வெள்ளையாகிவிட்டது.

இருக்கிறாயா, வருகிறாயா என்று கேட்டாய். இருக்கிறேன். அம்மா, எனக்கு இந்த மொழி பிடித்திருக்கிறது. போன வாரம் ரொட்டிக் கடையில் ஒருவன் வரிசையில் முந்தினான். வாயைத் திறந்தேன், வார்த்தை தானாக வந்தது. நம் தெருக் குழாயடியில் நான் போடுவேனே, அதே சண்டை, முழுக்க ஸ்பானிஷில். அவன் பின்னால் போய் நின்றான். கடைக்காரி கை தட்டினாள். மூன்று மாதம் ஊமையாக இருந்துவிட்டு அன்றைக்குத்தான் நான் நானாக ஆனேன். இதை விட்டுவிட்டு எப்படி வருவேன்? இரண்டாம் வருஷம் ஒன்றுகூட இங்கே இருக்கிறது, ஆனால் அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இனிமேல் எழுதாதே என்று சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். இன்னொரு குறி விழுந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால் சொல்ல மாட்டேன். எனக்கு ஸ்பானிஷும் வேண்டும், உன் கடிதமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இயந்திரம் நின்று பத்து நிமிஷம் ஆகிறது. நிற்கட்டும். நீ ஸ்டூல் மேல் ஏறாதே.

உன் மகள்

•

17 ஜனவரி

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள்.
பொருள்: என் கையெழுத்தைத் திரும்பப் பெறுதல்.
பார்வை: மாணவியின் தாயாகிய நான் ஒப்பமிட்ட தங்கள் படிவம்.

மதிப்பிற்குரிய அம்மா,

தாங்களும் தங்கள் அலுவலர்களும் நலமென நம்புகிறேன்.

பார்வையில் காணும் படிவத்தில் நான் கையெழுத்திட்டது உண்மை. அதைப் படிக்காமல் கையெழுத்திட்டதும் உண்மை. முப்பது ஆண்டுப் பணியில் நான் அப்படிச் செய்த ஒரே காகிதம் அதுதான். அதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் அதற்குக் கட்டுப்பட மாட்டேன்.

என் மகள் தங்கள் மொழியைக் கற்க வேண்டும் என்று அனுப்பியவள் நான். அவளை வகுப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் வாட்டுங்கள், வீட்டுப் பாடம் மலையாகக் கொடுங்கள், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் கையைச் சுட்டுக்கொண்டால் அவள் "அம்மா" என்றுதான் கத்துவாள். அந்த நேரத்தில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டாள். அதற்குக் குறி வைப்பது என்றால் தாங்கள் அவளுக்கு அல்ல, எனக்குக் குறி வைக்கிறீர்கள். அப்படியானால் எனக்கே வையுங்கள். என் முகவரி உறையின் பின்னால் உள்ளது.

தாய் மகளுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்னும் பத்தியிலிருந்து என் கையெழுத்தை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். மற்றப் பத்திகள் அப்படியே இருக்கலாம். வரும் மாதத்திலிருந்து அவளுக்குத் தமிழில், வீட்டு முகவரிக்கே எழுதுவேன்.

இந்த விண்ணப்பம் ஏன் தமிழில் இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். தாங்கள் எழுதியதைப் படிக்க நான் மூன்று தெரு தாண்டிப் போய் ஆள் தேடினேன். நான் எழுதியதைப் படிக்கத் தாங்களும் ஆள் தேடுங்கள்.

தங்கள் நலம் நாடும்,
மாணவியின் தாய்

(நகல்: கோப்புக்கு.)

•

11 பிப்ரவரி

அம்மா, அம்மா, அம்மா!

மூன்று முறை எழுதிவிட்டேன், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று நீயே பார்: இதை என் அறையில், என் மேஜையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் விண்ணப்பம் வந்து நான்கு நாள் முதல்வர் மேஜையில் கிடந்ததாம். ஊர் முழுக்க விசாரித்திருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். முதல்வர், எங்கள் வகுப்பு ஆசிரியர், பக்கத்தில் சாவிக்கொத்தம்மா. மேஜை மேல் உன் கையெழுத்தோடு ஒரு உறை. மூன்றாவது குறி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

முதல்வர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதைப் படிச்சு என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

கையை நீட்டினேன், உடனே இழுத்துக்கொண்டேன்.

"படிச்சா அது மூணாவது குறி" என்றேன்.

"நான்தானே படிக்கச் சொல்றேன்?"

"அப்போ எழுதிக் குடுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயிலிருந்து நீதான் பேசினாய். சாவிக்கொத்தம்மாவின் சாவி எல்லாம் ஒரு தடவை குலுங்கியது. "என்ன திமிர் இந்தப் பொண்ணுக்கு!" என்றாள். முதல்வர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார், கையெழுத்துப் போட்டார். தேதி போடவில்லை. தேதியையும் கேட்டு வாங்கினேன்.

அதற்கப்புறம்தான் படித்தேன். முதலில் எனக்குள். அப்புறம் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாக ஸ்பானிஷில் சொன்னேன். வெட்கப்படுகிறேன், ஆனால் கட்டுப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கொஞ்சம் சொல் தேடினேன். ஆனால் நிறுத்தவில்லை. கையைச் சுட்டுக்கொண்ட இடம் வந்தபோது சாவிக்கொத்தம்மா என் கையைப் பார்த்தாள். தழும்பு இருக்கிறது. அவள்தான் மருந்து போட்டாள், அவள்தான் குறியும் போட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆள் தேடுங்கள் என்கிற கடைசி வரியைச் சொன்னதும் ஆசிரியர் சிரித்துவிட்டார். முதல்வர் சிரிக்கவில்லை. "உன் ஸ்பானிஷ் நல்லா வந்துடுச்சு. பார்த்தியா, நம்ம விதி வேலை செஞ்சிருக்கு" என்றார்.

"விதி இல்லை, கோபம்" என்றேன். "எனக்குக் கோபம் வந்தா எந்த மொழியும் வேகமா வரும்."

அப்புறம் அரை மணி நேரம் வாக்குவாதம். பதினைந்து வருஷமாக இருக்கிற விதியாம், ஒருத்திக்காக மாற்ற முடியாதாம். மாற்ற வேண்டாம், என் அம்மா அந்தப் பத்தியில் இப்போது இல்லை, அதை மட்டும் எழுதுங்கள் என்றேன். திருப்பித் திருப்பி அதையே சொன்னேன். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்று உன் மேஜை முன்னால் சில பேர் நிற்பார்களாமே, அப்படி நின்றேன். கடைசியில் இன்னொரு காகிதம் எழுதினார். ஜூன் முப்பது வரை உன் கடிதங்களைத் தமிழில் படிக்கலாம், பதில் எழுதலாம். ஆனால் ஏற்கெனவே விழுந்த இரண்டு குறியும் அப்படியே இருக்குமாம். "இருக்கட்டும், அதுக்கும் நகல் குடுங்க" என்றேன்.

வாசலில் சாவிக்கொத்தம்மா என்னை நிறுத்தினாள். இழுப்பறையிலிருந்து எடுத்த உன் நவம்பர் கடிதம் கையில் இருந்தது. பிரிக்கவே இல்லை. அப்போதுதான் படித்தேன். அம்மா, சலவைக்கடைக்காரருக்கு எழுபத்தாறு வயது. காது கேட்காது. ஒரு பூனை வளர்க்கிறார். உன் சந்தேகத்தை அவருக்கு எழுதிக் காட்டினேன், அன்றைக்கெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார்.

இன்று காலை பக்கத்து அறைப் பெண் வந்தாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் பாடத்தைத் தவிர எதுவும் பேசியதில்லை. உன் விண்ணப்பத்தை ஸ்பானிஷில் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். அதை அவள் மொழியில் எழுதி அவள் அம்மாவுக்கு அனுப்பப் போகிறாள். சாயங்காலம் மற்ற மூன்று பேரும் கேட்டார்கள். முதல்வர் இன்னும் நான்கு மொழிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு அனுமதிக் காகிதத்துக்கும் நகல் இணைத்திருக்கிறேன். கப்பல்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் மகள்

•

1 மார்ச்

பொருள்: நாற்காலி, மற்றும் இன்னொன்று.
பார்வை: உன் கடிதம், நாள் 11 பிப்ரவரி. இரண்டு பக்கமும் எழுதப்பட்டது.

அன்பு மகளே,

நான் சுகம். முழங்கால்கூடப் பரவாயில்லை, அல்லது கவனிக்க நேரமில்லை. உன் கைத் தழும்பில் வெயில் படாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை மாமாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். "அப்போ அவ வரலியா?" என்றான். "உக்காரு" என்றேன், மர ஸ்டூலைக் காட்டி. நான் சாய்வு நாற்காலியில்தான் இருந்தேன். சலவைக்கடைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக எழுதிக் காட்டு. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. சாவிக்கொத்தம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல், மருந்து போட்டதற்காக.

நகல்களைக் கப்பல்காரரிடம் கொடுக்கவில்லை. நானே படித்தேன்.

உனக்கு இதைச் சொல்லவில்லை. டிசம்பரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் முடிந்து அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் விசிறியைப் பிரித்துக்கொண்டே சொல்வார், நான் பழைய கோப்புகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். உன் முதல்வருக்கு விண்ணப்பம் எழுதிய அன்று அதைத் தட்டுத் தடுமாறியாவது ஸ்பானிஷில் எழுத என்னால் முடிந்திருக்கும். கப்பல்காரர் திருத்தித் தரவும் தயாராக இருந்தார். எழுத மாட்டேன் என்றேன். கட்டளைக்காகப் படிப்பது வேறு, என் மகள் ரொட்டிக் கடையில் எந்த மொழியில் சண்டை போடுகிறாள் என்று தெரிந்துகொள்ளப் படிப்பது வேறு. உன் இரண்டு காகிதத்தையும் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு சொல்கூட விடவில்லை.

இப்போது அந்த இன்னொன்று. அனுமதி ஜூன் முப்பதோடு முடிகிறது என்று போட்டிருக்கிறார்கள். ஜனவரிக் கடிதத்தில் இரண்டாம் வருஷம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்தப் பேச்சு வேண்டாம் என்று நீயே அடித்துவிட்டாய். அது கோப்பில் அப்படியே இருக்கிறது. ஜூன் முப்பதுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று நான் எழுதியதும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மாமா மறுபடியும் வருவான், மறுபடியும் சொல்வான். சொல்லட்டும், ஸ்டூல் அங்கேயேதான் இருக்கிறது.

இரண்டாம் வருஷத்துக்கான படிவத்தை அனுப்பு. இந்த முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா